பாட்டி காலத்துப் பொம்மையா? பத்து தடவை பாருங்க!

வீட்டில் குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகட்டும். யாராவது ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் இருக்கும் அட்டைப் பெட்டியைக் கீழே இறக்கிவிடுவார். தூசி தட்டினால் உள்ளேயிருந்து ஒரு பொக்கிஷமே வெளியே வரும். அப்பா நடை பழகிய வாக்கர், அத்தை விளையாடிய ரப்பர் பொம்மை, தாத்தா திருவிழாவில் வாங்கிக் கொடுத்த மஞ்சள் வண்ண மரக் கிலுகிலுப்பை, கயிறு கட்டி இழுக்கும் வாத்து, சொப்புச் சாமான்...

"இந்தக் காலத்துப் பிளாஸ்டிக் குப்பையெல்லாம் எதுக்கு? அந்தக் காலத்துச் சாமான் கல்லு மாதிரி இருக்கு பாரு!" என்று பெருமையோடு குழந்தை கையில் கொடுப்பார்கள். குழந்தை அடுத்த விநாடியே அதை எங்கே கொண்டு போகும்? நேராக வாய்க்குத்தான்!

ஒரு நிமிடம் நில்லுங்கள். பழசு என்பதற்காகவே ஒரு பொம்மை நல்லதாகிவிடாது. மரம் நல்லது, பிளாஸ்டிக் கெட்டது என்று கோடு போட்டுப் பிரிப்பதும் சரியில்லை. எதில் செய்தார்கள் என்பதைவிட எப்படிச் செய்தார்கள் என்பதுதான் முக்கியம். பொம்மையின் அமைப்பிலேயே கோளாறு இருந்தால், நூறு கண் வைத்துக் காவல் காத்தாலும் ஒருநாள் அது தன் வேலையைக் காட்டிவிடும்.

'நாங்கல்லாம் விளையாடலையா?'

இதைச் சொன்னால் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து உடனே ஒரு பதில் வரும். "ஏம்மா, என் பிள்ளைங்க மூணு பேரும் இதுலதான் விளையாடினாங்க. ஒண்ணும் ஆகலையே!"

நியாயமான கேள்விதான். பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதுவும் ஆகாமல் தப்பித்தவர்கள்தான் இன்று உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆகிப்போன குழந்தைகள் வந்து பேச முடியாதே! அந்தக் காலத்தில் ஒரு குழந்தை மூச்சுத் திணறிப் போனால், 'ஏதோ கெட்ட நேரம்', 'விதி' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். தொண்டையில் சிக்கியது பொம்மையின் விசிலா, சட்டைப் பொத்தானா என்று யார் கணக்கெடுத்தார்கள்?

கணக்கெடுத்த நாடுகளில் என்ன தெரியவந்தது என்று பார்ப்போம்.

தடை செய்தும் விடாத அம்பு

அமெரிக்காவில் 'லான் டார்ட்ஸ்' என்று ஒரு விளையாட்டுச் சாமான் இருந்தது. ஏறக்குறைய ஓர் அடி நீளம். பின்னால் பிளாஸ்டிக் சிறகு, முன்னால் கனமான உலோக முனை. புல்தரையில் ஒரு வளையத்தை வைத்துவிட்டு, தூரத்திலிருந்து மேலே வீசினால், வளையத்துக்குள் குத்திக்கொண்டு நிற்க வேண்டும். குடும்பத்தோடு விடுமுறை நாளில் விளையாடுகிற ஜாலியான ஆட்டம்!

இதில் என்ன தப்பு? மேலே வீசிய கனமான முனை எங்கே இறங்கும் என்பது வீசியவருக்கே தெரியாது. புல்தரையில் குத்தி நிற்கிற வேகம் ஒரு குழந்தையின் மண்டையோட்டைத் துளைக்கவும் போதும். அதாவது, அந்தப் பொம்மை சரியாக வேலை செய்தாலே ஆபத்து!

1970-ல் அந்த நாட்டு அரசு, 'இது சிறுவர் பொம்மை இல்லை, பெரியவர்கள் விளையாட்டு. எச்சரிக்கை வாசகம் அச்சடித்து விற்கலாம்' என்று சொன்னது. எச்சரிக்கையை யார் படித்தார்கள்? பெரியவர்களுக்கென்று வாங்கி வீட்டில் வைத்தால், குழந்தை எடுக்காமல் இருக்குமா? பிற்பாடு எடுத்த கணக்கில், எட்டு ஆண்டுகளில் சுமார் 6,100 பேர் இதனால் காயம்பட்டு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போயிருந்தார்கள். அதில் பாதிப்பேர் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள். 1987-ல் கலிபோர்னியாவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, பக்கத்து வீட்டுப் பையன் வீசிய அம்பு தலையில் பாய்ந்து இறந்துபோனாள். அவளுடைய அப்பா விடாமல் போராடினார். 1988 டிசம்பரில் விற்பனைக்கு முழுத் தடை வந்தது.

கதை அதோடு முடியவில்லை. 1997-ல், அதாவது தடை வந்து ஒன்பது வருஷம் கழித்து, மறுபடியும் ஒரு ஏழு வயதுச் சிறுவனின் மூளையில் காயம். கடையில் இல்லாத அம்பு எங்கிருந்து வந்தது? வீட்டில் கிடந்த பழைய சாமானிலிருந்துதான்! 'வைத்திருப்பவர்கள் உடனே அழித்துவிடுங்கள்' என்று அரசு திரும்ப அறிக்கை விட வேண்டியிருந்தது.

அந்த அம்பு நம் ஊர் வீடுகளில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பாடம் நமக்கும்தான். சட்டம் கடையைத்தான் சோதிக்கும். உங்கள் பரணைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரமாட்டார். அங்கே நீங்கள்தான் இன்ஸ்பெக்டர்!

வாக்கர்... வேண்டவே வேண்டாம்!

நம் வீடுகளில் கைமாறிக் கைமாறி வருகிற சாமான்களில் முதல் இடம் இதற்குத்தான். வட்டமான சட்டம், நடுவில் துணித் தொட்டி, கீழே சக்கரங்கள். குழந்தை உள்ளே உட்கார்ந்து காலால் தரையை உந்தினால் வண்டி பறக்கும். அக்கா வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்கு, அங்கிருந்து பெரியப்பா பேரனுக்கு என்று ஒரே வாக்கர் அரை டஜன் குழந்தைகளைப் பார்த்திருக்கும்.

இன்னும் நடக்கத் தெரியாத குழந்தைக்கு, ஓடுகிற வேகத்தை இது கொடுத்துவிடுகிறது. கோளாறே அங்கேதான். ஒரு விநாடியில் மூன்றடிக்கு மேல் போய்விடும். சமையலறையிலிருந்து நீங்கள் எட்டிப் பார்ப்பதற்குள் குழந்தை மாடிப்படி விளிம்பில் இருக்கும். உயரமும் கூடிவிடுவதால் மேசை ஓரத்து சூடான காபி டம்ளர், தொங்குகிற இஸ்திரிப் பெட்டி வயர் எல்லாம் கைக்கு எட்டும்.

அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை, பதினைந்து மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் சுமார் 2,30,000 பேர் வாக்கரால் காயம்பட்டு அவசரப் பிரிவுக்கு வந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நூற்றுக்கு 90 பேருக்குத் தலையிலோ கழுத்திலோ அடி. நூற்றுக்கு 74 பேர் மாடிப்படியில் உருண்டு விழுந்தவர்கள். கனடா நாடு 2004-லேயே வாக்கர் விற்பனையைத் தடை செய்துவிட்டது. பழைய வாக்கரைக் கைமாற்றி விற்பதும் அங்கே குற்றம்.

"சீக்கிரம் நடந்துடுவானே டாக்டர்?" என்று அம்மாக்கள் கேட்பது வழக்கம். வாக்கரால் குழந்தை சீக்கிரம் நடப்பதில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் தாமதமாகலாம். தரையில் தவழ்ந்து, சுவரைப் பிடித்து எழுந்து, தொப்பென்று விழுந்து, மறுபடி எழுந்தால்தான் இடுப்புக்கும் காலுக்கும் பலம் வரும்.

நம் ஊர் மூன்று சக்கர மர நடைவண்டி வேறு ஜாதி. குழந்தை அதற்குள் உட்கார்வதில்லை. பின்னால் நின்று, தன் எடையைத் தானே தாங்கிக்கொண்டு தள்ளுகிறது. அந்த வகையில் பாட்டி காலத்து ஏற்பாடுதான் புத்திசாலித்தனம்! ஆனால் ஒன்று கவனியுங்கள். நடைவண்டி ஓடியது மண் தரையிலும் சொரசொரப்பான திண்ணையிலும். இன்று நம் வீடுகளில் வழுவழு டைல்ஸ். குழந்தை லேசாகத் தள்ளினாலே வண்டி முன்னால் ஓடிவிடும், குழந்தை முகம் குப்புற விழும். பக்கத்தில் ஒருவர் கை கொடுத்து நடக்க வைக்கிறபோது மட்டும் நடைவண்டி. மற்ற நேரத்தில் அது மூலையில் நிற்கட்டும். சக்கரத்தின் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா, மரச் சிலாம்பு கிளம்பியிருக்கிறதா என்றும் தடவிப் பார்த்துவிடுங்கள்.

பத்து சென்டிமீட்டர் அட்டை

பழைய ரப்பர் பொம்மையை அழுத்தினால் 'கீச்' என்று சத்தம் வரும். சத்தம் எங்கிருந்து? அடியில் பொருத்தியிருக்கும் சின்ன விசில் வில்லையிலிருந்து. பத்து இருபது வருஷத்தில் ரப்பர் காய்ந்து இறுகிப் போயிருக்கும். விசில் தளர்ந்திருக்கும். குழந்தை கடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அப்புறம் தொண்டைதான்!

சொப்புச் சாமானும் அப்படித்தான். கட்டைவிரல் அளவு மூடி, குட்டிக் கரண்டி, சுண்டைக்காய் சைஸ் குடம். ஐந்து வயதுப் பெண்ணுக்கு அருமையான விளையாட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு வயதுத் தம்பிக்கு அது எமன். பழைய கிலுகிலுப்பையின் ஒட்டு விட்டுப்போனால் உள்ளேயிருந்து மணிகள் கொட்டும். கரடி பொம்மையின் கண் வெறும் நூலில் தொங்கும்.

எது சின்னது, எது பெரியது என்று எப்படி முடிவு செய்வது? உலகம் முழுக்கப் பொம்மைச் சோதனைக் கூடங்களில் ஒரு சின்ன உருளை வைத்திருக்கிறார்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையை மனதில் வைத்துச் செய்த அளவு அது. விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதை நீங்கள் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை எடுங்கள். நீளம் 10 சென்டிமீட்டர், அகலம் ஐந்தரை சென்டிமீட்டர் இருக்கும்படி வெட்டுங்கள். நீளவாக்கில் சுருட்டி, இரண்டு ஓரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தொடும்படி வைத்து டேப் ஒட்டுங்கள். உருளை தயார்! பொம்மையோ, அதிலிருந்து கழன்று வரக்கூடிய பாகமோ இதற்குள் முழுசாக அடங்கிவிட்டால், மூன்று வயது முடியும்வரை அது குழந்தை பக்கமே வரக்கூடாது. இன்னொன்று, உருண்டையான சாமான் இதைவிடக் கொஞ்சம் பெரிசாக இருந்தாலும் ஆபத்துதான். தொண்டையைக் கார்க் போட்ட மாதிரி அடைத்துவிடும். நாலரை சென்டிமீட்டருக்குக் குறைந்த பந்து, கோலி எதையும் சின்னக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள்.

பாட்டுப் பாடும் பழைய பொம்மைகளில் பொட்டு மாதிரி வட்ட பேட்டரி இருக்கும். அதன் மூடியில் ஸ்க்ரூ இல்லாவிட்டால் அந்தப் பொம்மையே வேண்டாம். விழுங்கின பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அரித்துப் புண்ணாக்கிவிடும். 'மலத்தில் வந்துடும், வாழைப்பழம் கொடு' என்று காத்திருக்கிற விஷயம் இல்லை இது. உடனே ஆஸ்பத்திரி!

மஞ்சள் பெயின்ட், சிவப்புப் பெயின்ட்

கண்ணுக்குத் தெரிகிற ஆபத்தைப் பார்த்தோம். இனி தெரியாத ஆபத்து. அது காரீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் வேறு, இது வேறு. பெயின்ட் பளிச்சென்று இருக்கவும் சீக்கிரம் காயவும் காரீயக் கலவைகளைப் பல காலம் சேர்த்து வந்தார்கள். மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில் இது அதிகம்.

இது கெடுதல் என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் லாக்ஹார்ட் கிப்ஸன் என்ற கண் டாக்டர், வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளில் அடித்த பெயின்ட்தான் குழந்தைகளுக்கு விஷமாகிறது என்று 1904-லேயே எழுதிவிட்டார். அமெரிக்கா வீட்டுப் பெயின்ட்டிலும் பொம்மையிலும் காரீயத்தைத் தடை செய்தது 1978-ல். நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அப்படியானால் அதற்கு முன் வர்ணம் அடித்த பொம்மையில் என்ன இருக்கிறது என்பதற்கு யார் உத்தரவாதம்?

உடம்பில் சேரும் காரீயத்துக்கு 'இந்த அளவுவரை பரவாயில்லை' என்று எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தை என்றால் இன்னும் அதிகம். வளர்கிற மூளையைத்தான் அது முதலில் பிடிக்கும். பையன் மந்தமாக இருக்கிறான், கவனமே இல்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான் என்று திட்டுவோம். காரணம் எங்கேயோ இருக்கும்! சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் காரீயம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை உண்டு. குழந்தை டாக்டரிடம் கேளுங்கள்.

பெயின்ட் உரிந்த பழைய பொம்மையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வர்ணம் அடித்துக் கொடுக்கலாம் என்று சில அப்பாக்கள் கிளம்புவார்கள். தயவுசெய்து வேண்டாம். தேய்க்கிற தூசி வீடு முழுக்கப் பரவி, குழந்தையின் கைக்கும் வாய்க்கும்தான் போய்ச் சேரும்.

ஒரு சாண் கயிறு

இழுவை வாத்து, இழுவை ரயில் எல்லாவற்றிலும் நீளமான கயிறு. நடக்கிற குழந்தைக்கு அது சந்தோஷம். தொட்டிலில் கிடக்கிற குழந்தையின் கழுத்தில் அது சுருக்கு. ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பொம்மையில் கயிறு 22 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது என்கின்றன பாதுகாப்பு விதிகள். நம் கணக்கில் ஒரு சாண். அதற்கு மேல் இருந்தால் கத்தரித்துவிடுங்கள். கயிற்று நுனியில் மணியோ வளையமோ இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். தொட்டிலின் குறுக்கே கிலுகிலுப்பை கட்டித் தொங்கவிட்டிருந்தால், குழந்தை கையை ஊன்றி எழ ஆரம்பித்த அன்றே அவிழ்த்துவிடுங்கள்.

'நீ எங்கே பார்த்துக்கிட்டிருந்தே?'

குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். கேட்பது அம்மாவிடம். மாமியார் கேட்பார், கணவர் கேட்பார், ஆஸ்பத்திரி வாசலில் பக்கத்து வீட்டுக்காரரும் கேட்பார். ஏற்கெனவே உடைந்துபோயிருக்கும் அந்தப் பெண் வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்வியைச் சுமப்பாள்.

எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது, வாசலில் காலிங்பெல் அடிக்கிறது, மூத்தவனுக்கு ஸ்கூல் வேன் வந்துவிட்டது. எந்த அம்மாவால் இமை கொட்டாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்க முடியும்? மூன்றே விநாடியில் மாடிப்படிக்குப் போய்விடுகிற வண்டியைக் கொடுத்துவிட்டு, 'கவனமாப் பார்த்துக்கோ' என்று சொல்வது என்ன நியாயம்? நல்ல பொம்மை என்றால், அம்மா ஒரு நிமிடம் திரும்பினாலும் குழந்தையை ஒன்றும் செய்யாத பொம்மை. அப்படி இல்லாவிட்டால் தப்பு பொம்மையில். குழந்தையின் துடுக்கிலும் இல்லை, தாயின் அலட்சியத்திலும் இல்லை.

எனவே 'நீ எங்கே பார்த்தே' என்ற கேள்வியை முன்கூட்டியே, பரணிலிருந்து இறக்குகிறவரிடம் கேளுங்கள். "கொடுக்கறதுக்கு முன்னாடி நீங்க இதைப் பார்த்தீங்களா?"

சரி, எல்லாவற்றையும் தூக்கி எறிவதா?

வேண்டியதில்லை. மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் வகை, தாராளமாகக் கொடுக்கலாம். வர்ணம் பூசாத, வழுவழுப்பான, எதுவும் கழலாத பெரிய சாமான்கள். வர்ணமில்லாத மரப்பாச்சி, கைக்கு அடக்கமில்லாத மரக்கட்டைகள், துவைத்து வெயிலில் காய வைத்த துணிப் பொம்மை, தேய்த்துக் கழுவின சின்ன எவர்சில்வர் கிண்ணம்.

இரண்டாவது வகை, ஷோகேஸுக்கும் கொலுப்படிக்கும். பெயின்ட் அடித்த பழைய மர பொம்மை, தகர பொம்மை, சின்னச் சின்ன சொப்பு. பாட்டியின் ஞாபகம் பத்திரமாக இருக்கட்டும். குழந்தை கண்ணால் பார்க்கட்டும், வாயில் வைக்க வேண்டாம்.

மூன்றாவது வகை, வீட்டைவிட்டே வெளியே. வாக்கர், உடைந்து கூர்மையான பிளாஸ்டிக், விளிம்பு கிழிந்த தகரம், கண்ணைப் பதம்பார்க்கிற வில் அம்பு. இவற்றை வேலைக்கார அம்மாவின் பேரனுக்கென்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். நம் குழந்தைக்கு ஆகாதது எந்தக் குழந்தைக்கும் ஆகாது. உடைத்துப் போடுங்கள்.

புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் அது கட்டாயம். பதிவு பெற்ற கைவினைக் கலைஞர்கள் செய்கிற பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. அவர்கள் பிழைப்பு நடக்க வேண்டியதுதான். ஆனால் முத்திரை இல்லாத இடத்தில் சோதிக்கிற வேலை நம்முடையது. 'என்ன சாயம் போட்டீங்க?' என்று விற்பவரிடமே கேளுங்கள். கேட்டால் தப்பில்லை.

கடைசியாக ஒன்று. எவ்வளவு பார்த்தாலும் குழந்தை எதையாவது விழுங்கி மூச்சுத் திணறினால், வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விட்டுத் துழாவாதீர்கள். சாமான் இன்னும் உள்ளே போகும். இருமி அழ முடிகிறது என்றால் இரும விடுங்கள். சத்தமே வராமல் முகம் நீலம் பாய்ந்தால், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. அடைப்பு வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அதற்குள் இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும். குழந்தை நினைவிழந்துவிட்டால் செய்ய வேண்டிய முதலுதவி வேறு. அதைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் நேரிலேயே காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். அப்பா, தாத்தா, பாட்டி எல்லோரும்தான்.

பொம்மை பரம்பரைச் சொத்தாக இருக்கலாம். அதனால் ஏற்படும் விபத்தும் பரம்பரையாக வர வேண்டுமா என்ன? இந்த ஞாயிற்றுக்கிழமை பரண் பெட்டியை இறக்குங்கள். முதலில் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். அட்டை உருளையைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் விளையாடிப் பாருங்கள்!